துண்டு போட்டு மூடிய பிரிண்டர்

நம் போட்டோக்காரர் சங்கத்து மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க என்று நீங்கள் வீட்டுக்கு வந்து கேட்டபோது நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். எழுத்துப் பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள், என் பெருமையில் கை வைக்காதீர்கள். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கீழ்வேளூர் சுற்றுவட்டத்தில் இன்றைக்குத் தாத்தா, பாட்டி என்று உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருடைய கல்யாண ஆல்பம் என் கையால் ஆனது. அந்தக் குடும்பங்கள் பிரியாமல் இருப்பதற்கு அந்த ஆல்பம்தான் காரணம் என்று என் சம்சாரத்திடம் அடிக்கடி சொல்வேன். "அப்ப நம்ம கல்யாணத்தை எடுத்தது வேற ஆளுதானே, நாம எப்படி இன்னும் சேந்து இருக்கோம்?" என்று கேட்பாள். பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகளும் தங்கச்சிகளும் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்பதுதான். மெஷினை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பெண் பார்க்கப் போகிறவன் ஜாதகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற மாதிரி, விளம்பரத் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். ஆகவே நான் ஒரு பிரிண்டரைப் பரீட்சை பண்ணிய கதையைச் சொல்கிறேன். பரீட்சையில் அது தேறியது. அதற்கப்புறம் நடந்ததுதான் கதை.

அதற்கு முன்னால் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. படம் கழுவுகிற இருட்டறையில் மருந்துத் தட்டில் காகிதத்தைப் போட்டுவிட்டு நான் வெளியே எட்டிப் பார்த்தால் பின்மண்டையில் ஒரு தட்டு விழும். "படம் வர்றப்ப பாருடா. வந்தப்புறம் ஊரே பாக்கும், நீ எதுக்கு?" என்பார். அப்போது அது புரியவில்லை, மண்டை வலித்ததுதான் மிச்சம். இந்தக் கதையில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பின்மண்டைத் தட்டுதான்.

நம் எஸ்தரை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். தரங்கம்பாடிப் பெண். லுத்தரன் சபைக் குடும்பம். கல்யாணமாகி கீழ்வேளூர் வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். மகள் வயது என்பதால் அவள் இவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்தாலும் இந்த ஜில்லாவிலேயே என்னை அங்கிள் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் என்பதால் மன்னிப்பேன்.

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்து ஸ்டூடியோ நடத்தும் காலம் போய்விட்டது. எஸ்தர் ஷட்டரை இறக்கிவிட்டுத் தஞ்சாவூரில் ஏதாவது லேபில் சம்பளத்துக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்காரர் வீட்டம்மா ஒரு யோசனை சொன்னார். அவர் மகளுக்கு வளைகாப்பு வருகிறது. விருந்தாளி தாம்பூலம் வாங்கும்போதே கையில் படத்தையும் கொடுத்து அனுப்ப முடியுமா? அது நன்றாக அமைந்தால் மண்டபத்தில் நடக்கிற எல்லா விசேஷத்துக்கும் எஸ்தர்தான். அமையாவிட்டால் நாகப்பட்டினத்தில் இருந்து ஒரு கோஷ்டி காத்துக்கொண்டிருக்கிறது.

எஸ்தர் தஞ்சாவூர்க் கடையில் பேசி, வீட்டில் வைத்துப் படம் போடுகிற சின்னப் பிரிண்டர் ஒன்றைப் பரீட்சைக்கு வாங்கி வந்தாள். அஞ்சறைப் பெட்டி அளவுதான் இருக்கும். கூடவே படத்தைத் திருத்துகிற சாஃப்ட்வேர் இலவசம். "அங்கிள், நீங்க பாத்து ஓகேன்னா வச்சுக்குறேன். இல்லன்னா திருப்பிடுறேன்" என்று என் வீட்டு மேசையில் வைத்தாள்.

நான் எந்தக் காகிதத்தையும் மூன்று விஷயத்தில்தான் பரீட்சை பண்ணுவேன். வெள்ளை வேட்டி, கருங்கல், நாற்றங்கால். வேட்டி நீலம் பூத்து விழுந்தால் அது கல்யாணப் படம் இல்லை, சோப்பு விளம்பரம். கோயில் கருங்கல் நந்தி கரிக்கட்டையாக விழாமல் உளி பட்ட இடம் தெரிய வேண்டும். நாற்றங்கால் பச்சையும் நட்டு வேர் பிடித்த பயிர்ப் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், நம் ஊரில் பால்குடிப் பிள்ளைகூட வித்தியாசம் சொல்லும். பிரிண்டரும் சொல்ல வேண்டும். இது சொன்னது. அப்புறம் படத்தின் மேல் ரசம் ஊற்றினேன். மண்டபத்தில் படம் எதில் நனையப் போகிறது, பன்னீரிலா? துடைத்ததும் பளிச்சென்று இருந்தது. "படம் நல்லாத்தான் இருக்கு. சோத்துக்கு ரசம்?" என்று சம்சாரம் கேட்டதைப் பரீட்சைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

இன்னொன்று கண்டுபிடித்தேன். இந்த மெஷினில் மை கிடையாது, கலர் கலராக ஒரு ரிப்பன். காகிதம் முதலில் மஞ்சளுக்கு ஒரு தடவை உள்ளே போய் வரும். அப்புறம் சிவப்புக்கு, அப்புறம் நீலத்துக்கு, கடைசியில் மேல்பூச்சுக்கு. ஒவ்வொரு தடவையும் முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கும், புது மருமகள் கூடத்துக்கு வந்து போகிற மாதிரி. பின்பக்கமும் காகிதம் நீளும். சுவரை ஒட்டி வைத்தால் முட்டி நின்றுவிடும். எவ்வளவோ நாளைக்கப்புறம் கண்ணெதிரே படம் பிறக்கிறதைப் பார்த்தேன். பிரிண்டர் தேறிவிட்டது என்று எஸ்தரிடம் சொன்னேன்.

"சாஃப்ட்வேர் அங்கிள்?"

"அது உன் பாடு. நான் படிக்காதவன்" என்றேன். வேண்டாத வேலை வரும்போது மட்டும் நான் படிக்காதவன்.

எஸ்தர் அதை ஒழுங்காகத்தான் பார்த்தாள். தரங்கம்பாடிக்கு எடுத்துப் போய் அம்மா, சித்தி, தங்கை, தம்பி பிள்ளைகள் எல்லோர் முகத்தையும் போட்டுப் பார்த்தாள். ஆட்டோ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பரு, புள்ளி, எண்ணெய் வழிசல் எல்லாம் துடைத்து முகத்தைக் கழுவி விட்ட மாதிரி கொடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் போய்த் தேட வேண்டியதில்லை, ஒரு தடவை போட்டு வைத்தால் வருகிற முகமெல்லாம் அழகு. கடைசியில் என் முகத்தையும் போட்டாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தேன். சம்சாரம் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவரு யாரு? வந்தா உக்காரச் சொல்லு" என்றாள். நான் விபூதி பூசுவது வெள்ளிக்கிழமை மட்டும். அன்றைக்கு வியாழன். வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆக, மெஷினை நான் பார்த்தேன், சாஃப்ட்வேரை அவள் பார்த்தாள். ரெண்டு பேரும் நன்றாகத்தான் பார்த்தோம். ரெண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது.

வளைகாப்பு அன்று மண்டபம் நிறைய பெண்கள். மேடையில் மண்டபத்தம்மாவின் மகள், கை நிறைய வளையல். மாப்பிள்ளை கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருந்தாரோ, வர முடியவில்லை. அவருடைய அம்மாவும் சொந்தக்காரர்களும் முத்துப்பேட்டையில் இருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஒவ்வொரு சுமங்கலியாக மேடை ஏறி, கன்னத்தில் சந்தனம் தடவி, நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைத்து, வளையல் போட்டு இறங்கினார்கள். மேடைக்குப் பக்கத்தில் எங்கள் மேசை. சுவரில் இருந்து தள்ளித்தான் போட்டிருந்தேன். எஸ்தர் லேப்டாப்பில், நான் பிரிண்டரில். எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

முதலில் வந்ததெல்லாம் குடும்பம் குடும்பமாக நின்ற படங்கள். முகம் கடுகு கடுகாக இருக்கும், சாஃப்ட்வேருக்கு அதில் துடைக்க ஒன்றும் அகப்படவில்லை. ஜனங்களுக்கோ படத்தைவிட அது பிறக்கிற வேடிக்கைதான் பெரிது. பந்தியைக்கூட விட்டுவிட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். மஞ்சளாக எட்டிப் பார்த்தால் ஒரு சிரிப்பு, சிவப்பு சேர்ந்து வந்தால் ஒரு ஆச்சரியம். எஸ்தர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மண்டபம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நானும் உயர்த்தினேன்.

அப்போது மண்டபத்தம்மா வந்து, பொண்ணு முகத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தது இருக்குமே, அதை ஒன்று போடுங்கள், சம்பந்தியம்மா கையில் கொடுக்க வேண்டும் என்றார். சம்பந்தியம்மா முன்வரிசையில், பிரிண்டருக்கு நேரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார். கூட வந்த முத்துப்பேட்டைப் பெண்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

மஞ்சள் ஓடியது. பொண்ணு மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி எட்டிப் பார்த்தாள். "லட்சுமியாட்டம் இருக்கா" என்று யாரோ சொன்னார்கள். காகிதம் பின்வாங்கியது.

சிவப்பு ஓடியது. முதலில் கொண்டையில் வைத்த ரோஜா தெரிந்தது. அடுத்து நெற்றி வெளியே வந்தது. படம் வருகிறபோது பார்க்கிற பழக்கம், என் கண் அங்கேதான் இருந்தது. ரோஜா சிவந்திருக்கிறது. நெற்றியில் ஒன்றும் இல்லை. வகிட்டிலும் இல்லை. ஒரு மண்டபத்துச் சுமங்கலிகள் வரிசையில் வந்து வைத்ததையெல்லாம் அந்த ஆட்டோ, பரு என்று நினைத்துத் துடைத்துவிட்டது.

நினைத்துப் பாருங்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி. புருஷன் கடலில். வளைகாப்பு மேடையிலேயே அவளுடைய வெறும் நெற்றி, மாமியார் கண்ணெதிரே கலர் கலராகப் பிறந்துகொண்டிருக்கிறது. இன்னும் நீலமும் மேல்பூச்சும்தான் பாக்கி.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் காகிதத்தைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். இழுத்தால் ரிப்பன் சிக்கிக்கொள்ளும், மெஷின் அதோடு நிற்கும், அரைகுறைப் படம் எல்லோர் கண்ணுக்கும் நிலைத்து நிற்கும். மீதிப் பாதி பிளக்கைப் பிடுங்கியிருப்பீர்கள். அதுவும் அதே கதிதான். மெஷினை ஒன்றும் பண்ணக் கூடாது, பார்க்கிற கண்ணைத்தான் ஏதாவது பண்ண வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்தேன், பிரிண்டர் மேல் போட்டேன்.

"என்னங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. புள்ளத்தாச்சிப் பொண்ணு படம். பாதியில பாக்கக் கூடாது, கண்ணு பட்டுரும். முழுசா வந்தப்புறம்தான் பாக்கணும்."

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது. அதைவிட ஆச்சரியம், கூட்டத்தில் ஒரு வயசான அம்மா, "ஆமாமா, எங்க பக்கமும் அப்படித்தான்" என்றார். அந்த மெஷினை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அங்கிள், என்ன பண்றீங்க?" என்றாள்.

"நெத்தி" என்றேன்.

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பதறவில்லை, அதுதான் அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது. லேப்டாப்பை மூடினாள், கேமராவில் இருந்து கார்டை உருவினாள், துண்டுக்கு அடியில் கையை விட்டு நேராகப் பிரிண்டரிலேயே சொருகினாள். சாஃப்ட்வேரும் வேண்டாம், அழகும் வேண்டாம், எடுத்தது எடுத்தபடி வரட்டும் என்று. முதல் படம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் நான் எடுத்துச் சட்டைப் பையில், முகம் உள்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டேன். ரெண்டாவது வருகிற வரைக்கும் சம்பந்தியம்மாவிடம் முத்துப்பேட்டை இறாலைப் பற்றி விசாரித்தேன். நான் சுத்த சைவம். நன்றாகவே விசாரித்தேன்.

கோயிலில் திரை விலக்குகிற மாதிரி துண்டை விலக்கினேன். சந்தனமும் குங்குமமும் வைத்தபடியே பொண்ணு சிரித்தாள். சம்பந்தியம்மா அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை நின்றுகொண்டிருந்தாள் என்பதையே நான் அப்போதுதான் கவனித்தேன்.

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். கூட்டம் பந்திக்குப் போனதும், வரிசைத் தட்டுகள் வைத்திருந்த அறைக்கு மண்டபத்தம்மா எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"பாக்கெட்டுல இருக்கறதைக் கொடுங்க, போட்டோக்காரரே."

துண்டு விழுவதற்கு முன்னால், எனக்குப் பின்னால் நின்று அவரும் பார்த்துவிட்டார். பெற்ற கண்ணாயிற்றே, வேறு எங்கே பார்க்கும்? நான் எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை கடல்ல இருக்காரு. தெரியுமில்ல?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. ரிப்பன் கோளாறு, தஞ்சாவூர்க் கடைக்காரன் பழசைக் கொடுத்துவிட்டான் என்று அழகாகச் சொல்லியிருப்பேன். வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் பேச ஆரம்பித்துவிட்டாள். சாஃப்ட்வேர் புள்ளியைத் துடைக்கும் என்று தெரியும், எங்கள் வீட்டு முகங்களில்தான் போட்டுப் பார்த்தேன், நாங்கள் பொட்டு வைப்பதில்லை, அதனால் இது எனக்குத் தோன்றவே இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொண்ணும் இருக்குங்கம்மா."

நான் இருமினேன். தண்ணீர் வேண்டுமா என்று மண்டபத்தம்மா கேட்டார். எஸ்தர் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே போய்ப் பிரிண்டரில் இருந்து ரிப்பன் பெட்டியைக் கழற்றி எடுத்து வந்து, உருவிக் காட்டினாள். மஞ்சள் பட்டையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, வெறும் நெற்றியோடு அதே முகம் மங்கலாக, பழைய நெகட்டிவ் மாதிரி பதிந்திருந்தது. நானும் பரீட்சையில் ரிப்பனைப் பார்த்தவன்தான், அதை யாரிடமும் சொல்ல வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை.

மண்டபத்தம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"குப்பையில போட்டா யாராச்சும் பிரிச்சுப் பாப்பாங்க. உங்க பொண்ணு முகம். உங்ககிட்டதான் இருக்கணும்" என்றாள் எஸ்தர். "மண்டபத்துக்கு நீங்க யாரை வேணா வச்சுக்குங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்." சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. ஒன்றும் நினைக்காதவர்களுக்கு அப்படி இறங்காது.

மண்டபத்தம்மா வரிசைத் தட்டுப் பக்கம் திரும்பினார். தட்டில் இருந்த குங்குமத்தை மோதிர விரலால் தொட்டு, அந்தப் படத்தின் வெறும் நெற்றியில் வைத்தார். வகிட்டிலும் வைத்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ரிப்பனை ஒரு ரவிக்கைத் துணியில் சுற்றி, படத்தையும் சேர்த்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"அடுத்த முகூர்த்தத்துக்கு நீயே வா" என்றார் எஸ்தரிடம். கதவைத் திறந்துகொண்டே என் பக்கம் திரும்பி, "அந்தத் துண்டுப் பழக்கம் நல்லாத்தான் இருக்கு, அப்படியே வச்சுக்குங்க. ஆனா அந்த அழுக்குத் துண்டு வேணாம். நல்ல துணியா கொண்டாங்க" என்றார்.

மாப்பிள்ளை கப்பலில் இருந்து வந்தார். பிள்ளை பிறந்து, பேர் வைத்த அன்று எஸ்தர்தான் படம். ஸ்டூடியோ ஷட்டர் இன்னும் தினம் ஏறி இறங்குகிறது. இப்போது எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் முதலில் என் சம்சாரத்தின் முகத்தைப் போட்டுப் பார்க்கிறாள். பெரிய பொட்டு, மூக்குத்தி, தாடையில் மச்சம் எல்லாம் இருக்கிற முகம். அப்புறம் தொழுது தொழுது நெற்றியில் தழும்பு விழுந்த முகம் தேடிப் பள்ளிவாசல் தெருவுக்குப் போகிறாள், அப்புறம் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த கைக்குழந்தை. தன் வீட்டு முகம் கடைசியில்தான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு மெஷினை நம்முடைய முகத்தில் போட்டுப் பார்த்தால் அது எப்போதும் நல்ல மெஷினாகத்தான் தெரியும். என்னை மாப்பிள்ளையாக்கிய மெஷினை நான் குறை சொல்வேனா? கூட்டத்தின் முன்னால் தப்பு நடந்தால் முதலில் மூடுங்கள், அது தப்பில்லை. ஆனால் மூடியதை உரியவரிடம் திறந்து காட்டவும் கதவு சாத்தின ஒரு அறை வேண்டும். முதல் பாதி எனக்கு வரும். ரெண்டாம் பாதி எஸ்தருக்கு வருகிறது.

போன தை மாதம் முத்துப்பேட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். சாப்பிட மட்டும்தான் போனேன். மேடைக்குப் பக்கத்தில் மேசை, மேசையில் ஜரிகை போட்ட பட்டுத் துணி, துணிக்கு அடியில் ஏதோ ஓடுகிற சத்தம். எந்தக் கம்பெனி மெஷின் என்று பார்க்கலாமே என்று துணி ஓரத்தைத் தூக்கினேன். மேசையில் இருந்த தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியவரே, திறக்காதீங்க. புள்ளத்தாச்சி படம், பாதியில பாக்கக் கூடாது."

"அப்படியா? யாரு சொன்னா?"

"அது அந்தக் காலத்துலேர்ந்து வர்ற சம்பிரதாயம். பெரியவங்க காரணம் இல்லாம வைப்பாங்களா?"

வைக்க மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டேன். துணியை இழுத்து, ஓரம் தூக்காமல் நேராக மூடிவிட்டுப் பந்திக்குப் போனேன்.